பீரோ மேல கெடக்கற லேப்டாப்

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்



"பத்து நிமிஷத்துல முடிச்சுக்க கண்ணு, சாப்பாடு ஆறிப்போயிரும்"னு தலைவி அக்கா சொல்லித்தான் மேடை ஏத்திவிட்டாங்க. அதனால சுத்தி வளைக்காம கேக்கறேன். அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் துணி சுத்தி பீரோ மேலயோ பரண்லயோ வெச்சிருக்கறவங்க எத்தனை பேரு? கையைத் தூக்குங்க பாக்கலாம். பாருங்க, பாதிக்கு மேல கை தூக்கிருக்கீங்க. தூக்காதவங்க பழைய இரும்புக்குப் போட்டிருப்பீங்க.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்னிக்கு, அப்ப முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா அம்மா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. அரசுப் பள்ளியிலயும் அரசு உதவி பெறும் பள்ளியிலயும் மேல்நிலை படிச்ச பிள்ளைகளுக்கு வருசா வருசம் கொடுத்தாங்க. எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்தது. கொரோனா வந்து நின்னு போறதுக்குள்ள தமிழ்நாடு பூராவும் 50 லட்சத்துக்கு மேல கொடுத்துட்டாங்க. நம்ம பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்துல அது இல்லாத தெருவே இருக்காது. என்ற வீட்டுல இருந்தது என்ற நாத்தனார் வாங்கினது. அவ கல்யாணம் ஆகிப் போறப்ப "இது ஓடாது அண்ணி, நீங்களே வெச்சுக்கங்க"ன்னு விட்டுட்டுப் போயிட்டா.

இதை ஏன் இங்க பேசறேன்னா, போன வருசம் எங்க குழுவுல மூணு பேரு லேப்டாப் வாங்கறதுக்குன்னே உள்கடன் கேட்டு மனு கொடுத்தாங்க. பிள்ளை காலேஜ் சேந்திருக்கு, மத்த பிள்ளைகளெல்லாம் வெச்சிருக்கு, நம்ம பிள்ளை மட்டும் இல்லாம இருக்கலாமான்னு பெத்த மனசு கேக்குது. தப்பில்லீங்க. ஆனா கணக்கைப் பாருங்க. 40,000 ரூபா கடன், நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி. மாசம் 2,000 அசல்னு வெச்சா இருபது மாசம். வட்டி குறைஞ்சுக்கிட்டே வந்தாலும் மொத்தமா 4,200 ரூபா ஆகும். அது போக, 40,000 ஒருத்தருக்குப் போனா அந்த மாசம் குழுவுல வேற யாருக்கும் பணமில்லை. அன்னிக்கு ஆடு வாங்கக் கேட்ட ஒரு அக்கா மூணு மாசம் காத்திருந்தாங்க. அதுதான் என்ற மனசைக் குடைஞ்சது.

அந்த மூணு மனுவுல ஒண்ணு, பி.காம் படிக்கற பொண்ணோட அம்மா கொடுத்தது. அவங்க வீட்டுலயும் மூத்த பையன் வாங்கின அரசாங்க லேப்டாப் இருந்தது. கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. கடைக்காரர் திருப்பிப் பாத்துட்டு, "மதர்போர்டு போச்சுங்க, 6,000 ஆகும், அதுக்குப் பேசாம புதுசு வாங்கிக்கங்க"ன்னுட்டார். கூட்டத்துல மனுவைப் படிச்சப்ப, "ஒரு நாள் அந்தப் பழசை என்ற கையில கொடுங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்"னு கேட்டேன். சில பேரு சிரிச்சாங்க. பத்தாவது படிச்சவ என்னத்தைப் பாப்பான்னு சிரிச்சது.

என்ற வீட்டுக்காரர் மோட்டர் வைண்டிங் பட்டறை வெச்சிருக்கறவர். கல்யாணம் ஆன நாள்ல இருந்து பட்டறையில பேப்பர் வெட்டிக் கொடுக்கறது, வார்னிஷ் அடிக்கறது, மல்டிமீட்டர் வெச்சு வயர் அறுந்திருக்கான்னு பாக்கறதெல்லாம் எனக்குப் பழக்கம். நம்ம பக்கத்துல கிணத்து மோட்டர் எரிஞ்சா யாராச்சும் மோட்டரைத் தூக்கி வீசறோமா? காயில் போயிருக்கா, பேரிங் போயிருக்கா, கெப்பாசிட்டர் போயிருக்கான்னு பாத்து, போனதை மட்டும் மாத்தறோம். கிரைண்டர்ல பெல்ட் அறுந்தா பெல்ட்டை மாத்தறோம், கல்லு தேஞ்சா கொத்திக்கறோம். கம்ப்யூட்டரும் அப்படித்தானுங்க. அதுலயும் நாலஞ்சு உறுப்பு இருக்கு, ஏதோ ஒண்ணுதான் போயிருக்கும். அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கறதுலதான் பாதிக் காசு மிச்சம்.

அந்த லேப்டாப்புக்கு வர்றேன். முதல்ல அடியில இருக்கற பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு, சார்ஜரை மட்டும் சொருகிப் பட்டனை அமுக்கினேன். பழைய மாடல்ல பேட்டரி தனியாக் கழண்டு வரும், அது ஒரு வசதி. உயிரே இல்லை. அப்புறம் சார்ஜர் முனையில மல்டிமீட்டர் வெச்சேன். 19 வோல்ட் காட்டோணும், பூஜ்யம். வயரை விரல்ல ஆட்டிப் பாத்தா, பின்னுக்குக் கிட்ட கழுத்துல அறுந்திருக்கு. அதே வோல்ட், அதே பின்னு இருக்கற சார்ஜரைப் பக்கத்து வீட்டுல வாங்கிச் சொருகினதும் லைட்டு எரிஞ்சுது. மதர்போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. அந்தக் கடைக்காரர் வேணும்னு சொன்னாரா, பாக்காமச் சொன்னாரா தெரியாது. எந்தக் கடைன்னும் நான் சொல்லப் போறதில்லை.

லைட்டு எரிஞ்சுதே தவிர, திறந்து வர்றதுக்குள்ள நான் ஒரு படி அரிசி கழுவி உலை வெச்சுட்டு வந்துட்டேன். அவ்வளவு மெதுவு. பழைய லேப்டாப் மெதுவா ஓடறதுக்கு முக்கால்வாசி காரணம் ஹார்டு டிஸ்க்குங்க. உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு முள்ளு அது மேல ஓடி ஓடி எழுதும், படிக்கும். வருசம் ஆக ஆக அது தேஞ்சு திணறும். அதுக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு ஒண்ணு வருது. அதுல சுத்தற சாமானே கிடையாது, பென் டிரைவ் மாதிரி சிப்புதான். ரெண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு கேட்டு வாங்கினா, பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்துல அப்படியே உக்காந்துக்கும். கழட்டறதுக்கு நாலஞ்சு திருகாணிதான். ஹார்டு டிஸ்க்கை விட நாலஞ்சு மடங்கு வேகமாப் படிக்கும். எந்த லேப்டாப்புக்கும் ஒரே ஒரு செலவுதான் பண்ண முடியும்னா இதைப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

கழட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற போட்டோவையும் சர்டிபிகேட்டையும் வேற இடத்துல காப்பி பண்ணிக்கோணும். ஹார்டு டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டா அது சாகப் போகுதுன்னு அர்த்தம். மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்காம முதல் வேலையா அதைக் காப்பி பண்ணுங்க. கழட்டின ஹார்டு டிஸ்க் நல்லா இருந்தா 250 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதுக்குள்ள போட்டுக்கலாம். பெரிய பென் டிரைவ் மாதிரி ஆயிடும்.

ராமும் கேக்கோணும். முதல்ல கொடுத்த லேப்டாப்ல 2 ஜிபி ராம்தான். இன்னிக்கு இண்டர்நெட் பாக்கறதுக்கே அது பத்தாது, 4 ஜிபியாச்சும் வேணும். ஆனா எல்லா ராமும் எல்லாத்துக்கும் சேராதுங்க. டிடிஆர்3, டிடிஆர்4னு வகை இருக்கு, நடுவுல இருக்கற வெட்டு வேற வேற இடத்துல வரும், அமுக்கித் திணிச்சா உடைஞ்சிரும். பழைய ராமைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போய் "இதே மாதிரி"ன்னு கேட்டு வாங்கறது நல்லது. காந்திபுரத்துல பழைய ராம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆன் ஆகுது, திரை மட்டும் கறுப்பாவே இருக்கு, பீப் பீப்னு கத்துதுன்னா, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அந்த ராமைக் கழட்டி, தங்கக் கலர்ல இருக்கற பல்லுகளைப் பிள்ளைங்க அழிக்கற ரப்பர் வெச்சு மெதுவாத் தேச்சு, தூசியைத் தட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க. பல தடவை அதுலயே சரியாயிருக்கு. உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி கரண்டைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டி, ஏதாச்சும் இரும்பைத் தொட்டுட்டு வாங்க. நைலான் சேலை கட்டிக்கிட்டு இந்த வேலை வேண்டாம், சேலையில இருக்கற கரண்டே சிப்பைக் கெடுத்துரும்.

அந்தப் பி.காம் பொண்ணுக்கு ஆன செலவு: சார்ஜர் 500, எஸ்எஸ்டி 1,450, பழைய ராம் 500, பேட்டரி 1,250, கேஸ் 250. மொத்தம் 3,950. விலை ஏறும் இறங்கும், நான் சொல்றது அன்னிக்கு வாங்கின விலை. 40,000 கேட்டவங்க 4,000 கடன் வாங்கி நாலு மாசத்துல கட்டி முடிச்சாங்க. ஆடு கேட்ட அக்காவுக்கும் அதே கூட்டத்துல காசு போச்சு.

அடுத்து விண்டோஸ். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கறதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 நம்ம பழைய லேப்டாப்ல முறைப்படி ஏறாது, அதுக்குத் தனிச் சிப்பு வேணும்கறாங்க. இதைச் சொல்லியே புதுசு விக்கறவங்க இருக்காங்க. லினக்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்க, காசே கிடையாது. நம்ம அரசாங்க லேப்டாப்ல அப்பவே போஸ் லினக்ஸ்னு ஒண்ணையும் சேத்துப் போட்டுத்தான் கொடுத்தாங்க. மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் தயாரிச்சது. பிள்ளைங்கதான் அதைத் திறந்தே பாக்கலை. பதினொண்ணாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல உபுண்டு பத்திப் பாடமே இருக்கு, அதுவும் லினக்ஸ்தான். பழைய மெஷினுக்கு லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇன்னு கேட்டுப் போட்டீங்கன்னா லேசா ஓடும். எனக்கு முதல் தடவை போட்டுக் காட்டினது பாலிடெக்னிக் படிச்ச பக்கத்து வீட்டுத் தம்பி. ரெண்டாவது தடவை நானே 8 ஜிபி பென் டிரைவ்ல ஏத்திப் போட்டேன். கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் கூடவே வந்துரும். எங்க குழு வரவு செலவு இப்ப அதுலதான். தமிழ்ல அடிக்கறதுக்குத் தமிழ்99 விசைப்பலகை; நம்ம அரசாங்கம் 1999ல ஏத்துக்கிட்டது, ஒரு வாரத்துல கை பழகிரும்.

ஒரு குறை சொல்லியே ஆகோணும். டேலி லினக்ஸ்ல நேரா ஓடாது. பி.காம் பொண்ணுக்கு டேலி வேணும்கறதால ரெண்டையும் போட்டு வெச்சோம். டேலி பழக விண்டோஸ், இண்டர்நெட்டும் பேங்க் வேலையும் லினக்ஸ்ல. இன்னும் விண்டோஸ் 10லயே இருக்கறவங்க அதுல பேங்க் கணக்கைத் திறக்காதீங்க.

மீதி ரெண்டு மனு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஒண்ணு, பையன் இன்ஜினியரிங், வரைபடச் சாப்ட்வேர் ஓட்டோணும். அவங்க லேப்டாப்ல தண்ணி வேற கொட்டி போர்டு பச்சை பிடிச்சுக் கெடந்தது, திரையும் விரிசல். என்ற வீட்டுக்காரர் மோட்டருக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கார்: கூலியும் சாமானும் சேந்து புது மோட்டர் விலையில பாதியைத் தாண்டினா கட்டாதீங்கம்பார். அதே கணக்குதான் இதுக்கும். திரை, போர்டு ரெண்டும் போனா விட்டுருங்க. அந்தப் பையனுக்குப் புதுசுக்கே கடன் கொடுக்கலாம்னு நானே சொன்னேன், கொடுத்தோம். இன்னொருத்தங்களுக்கு மேஜைக் கம்ப்யூட்டர் போதும்கற நிலைமை. ஆபீஸ்ல ஓட்டிட்டு விக்கற பழைய கம்ப்யூட்டர் வாங்கி எஸ்எஸ்டி போட்டுக்கிட்டாங்க. காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கறதா 2025 பட்ஜெட்ல அரசாங்கம் அறிவிச்சாங்க; கடனுக்கு எழுதறதுக்கு முன்னாடி பிள்ளை படிக்கற காலேஜ்ல அதையும் ஒரு வார்த்தை விசாரிச்சுக்கங்க.

மேஜைக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டே சேதி. தேதி நேரம் தினமும் பழசுக்குப் போகுது, இண்டர்நெட்டைத் திறந்தா 'பாதுகாப்பில்லை'ன்னு வருதுன்னா, உள்ள காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர்2032ன்னு போட்டிருக்கும், 50 ரூபாய்க்குள்ளதான். அதை மாத்துங்க. பெட்டியைத் தொட்டா ஜிவ்வுன்னு இழுத்துதுன்னா எர்த் இல்லைன்னு அர்த்தம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பாத்த பிறகுதான் பிள்ளைகளை உக்கார வைக்கோணும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் யாரும் பிரிக்காதீங்க, கரண்டைப் பிடுங்கின பிறகும் உள்ள அடிக்கற அளவுக்குத் தேங்கி நிக்கும். நானும் அதைப் பிரிக்க மாட்டேன், முழுசா மாத்திருவேன்.

நம்ம ஊருல மில்லுக்கும் பஞ்சமில்லை, பஞ்சுக்கும் பஞ்சமில்லை. அந்தப் பஞ்சுத் தூசி லேப்டாப் ஃபேன்ல போய் கம்பளி மாதிரி அடைச்சிருக்கும். சூடாகித் தானா அணைஞ்சு போற லேப்டாப்ல பாதி இந்தக் கேஸுதான். அடியில மூடியைக் கழட்டி, ஃபேன் சுத்தாம ஒரு குச்சியில நிறுத்திக்கிட்டு, பெயிண்ட் பிரஷ்ல தட்டி எடுங்க. மெத்தை மேல வெச்சு ஓட்டினா காத்து போற வழி அடையும், அதையும் நிறுத்துங்க.

உக்காந்து வேலை பாக்கற இடமும் முக்கியமுங்க. கணக்கு எழுதற ஊக்குநர்கள் பாதிப் பேருக்குக் கழுத்து வலி. திரையோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வரோணும்; லேப்டாப்புக்கு அடியில ரெண்டு செங்கல்லைத் துணி சுத்தி வெச்சு உசத்திட்டு, 350 ரூபாய்க்குத் தனிக் கீபோர்டு வாங்கிக் கீழ வெச்சுக்கங்க. மேஜை தனியா வாங்க வேண்டியதில்லை, தையல் மெஷின் மேஜை மேல பலகை போட்டா உயரம் ஏறக்குறையச் சரியா வரும். ஜன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும், முதுகுக்குப் பின்னாடி வேண்டாம்.

இனிமே சொல்றது பொண்ணு வெச்சிருக்கறவங்களுக்கு, கொஞ்சம் உத்துக் கேளுங்க. கடைக்கு லேப்டாப் கொடுக்கறப்ப அதுக்குள்ள நம்ம வீட்டுப் போட்டோ, ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருக்கு. கீபோர்டு மாத்தறதுக்கு ஹார்டு டிஸ்க் அவங்களுக்கு எதுக்கு? கழட்டி வீட்டுல வெச்சுட்டுக் கொடுங்க. "போட்டுப் பாக்கோணுமே"ம்பாங்க, "நாளைக்கு வாங்க வர்றப்ப கொண்டு வர்றேன், முன்னால வெச்சுப் போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. எங்க குழு அக்கா ஒருத்தங்க 4 ஜிபி ராமோட கொடுத்த லேப்டாப் 2 ஜிபியோட திரும்பி வந்தது. கேட்டதுக்கு "நீங்க கொடுத்ததே இதுதான்"னாங்க. கையில எழுத்து இல்லை, அதோட போச்சு. அதுல இருந்து எங்க குழுவுல ஒரு வழக்கம்: கொடுக்கறதுக்கு முன்னாடி ராம் எத்தனை, டிஸ்க் எத்தனை, சீரியல் நம்பர் என்னன்னு ஒரு தாள்ல எழுதி, உள்ள இருக்கறதை போன்ல போட்டோ எடுத்து, தாள்ல கடைக்காரர் கையெழுத்து வாங்கிக்கறது. நகை அடகு வைக்கறப்ப எடை எழுதாம வருவோமா?

பேட்டரி வீங்கி மூடியைத் தூக்கிட்டு நின்னா அதைச் சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, குப்பையில போடாதீங்க, தீப்பிடிச்சுக்கும். மணல் போட்ட டப்பாவுல வெச்சு வீட்டுக்கு வெளிய நிழல்ல வெச்சுட்டு, மின்னணுக் கழிவு எடுக்கறவங்க கிட்டக் கொடுங்க. செம்புக்காக வயரைக் கொளுத்தறதும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைக நெஞ்சுக்கு ஆகாது.

கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை வெச்சிருக்கேன். சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர், 16 ஜிபி பென் டிரைவ், ஒரு யுஎஸ்பி கேஸ், எல்லாம் சேந்து 1,300 ரூபாய்க்குள்ள வரும். அதைக் கூட்டமைப்புச் செலவுல வாங்கி ஆபீஸ்ல வெச்சா எந்தக் குழு வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம். ரெண்டாவது, கம்ப்யூட்டருக்குன்னு வர்ற கடன் மனுவுல 'வீட்டில் பழையது இருக்கிறதா, பார்த்தாகிவிட்டதா' அப்படின்னு ஒரு வரி சேக்கோணும். தலைவி அக்கா தீர்மானத்துல எழுதிக்கறதாச் சொல்லிட்டாங்க.

வர்ற மாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் கூட்டமைப்பு ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். பாத்துச் சொல்றதுக்குக் காசில்லை, கழட்டி வேலை செஞ்சா 150 ரூபா. சாமான் பில்லு உங்க பேர்லயே வாங்கித் தருவேன். வர்றவங்க சார்ஜரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, போன தடவை நாலு பேரு லேப்டாப்பை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க.